தைலத்துக்கு முன் தளத்தைக் கவனியுங்கள்

மெர்சிங், எண்டாவ், பொந்தியான் என்று ஜொகூரில் எந்தத் துறையில் இறங்கினாலும் மீன் வாடையோடு கோடாலித் தைல வாடையும் கலந்து வரும். கடல் தொழிலாளியின் உடம்பில் முதலில் முறையிடுவது இடுப்பும் தோளும் மணிக்கட்டும்தான். தைலம் வலியைக் கொஞ்ச நேரம் மறக்க வைக்கும். வலி பிறப்பதோ படகின் தளத்தில். திருத்தத்தை அங்கிருந்தே தொடங்குங்கள்.

முதல் வேலை, வலி எப்போது வருகிறது என்று ஒரு வாரம் கவனிப்பது. வலை இழுக்கும்போதா, குந்தியிருந்து மீன் பிரிக்கும்போதா, ஐஸ் அள்ளும்போதா, துறையில் பெட்டி ஏற்றும்போதா? பெரும்பாலும் ஒன்றிரண்டு வேலைதான் மாட்டும். “உடம்பெல்லாம் வலிக்குது, தவுக்கே” என்றால் முதலாளி தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். “குந்தியே பிரிக்கிறதால இடுப்பு பிடிக்குது, ஒரு மேசை போட்டுத் தாங்க” என்று கேட்டால் பேச்சு நகரும்.

அந்த மேசைதான் அடுத்த வேலை. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்வதென்றால் இதைச் செய்யுங்கள். நின்று வேலை செய்கிறவரின் முழங்கைக்குச் சற்றுக் கீழே பலகை வரட்டும். மீன் வழுக்கி விழாதபடி நாலு பக்கமும் விளிம்பு வேண்டும். கால்களைத் தளத்தோடு இறுக்கிவிட வேண்டும். சிறிய படகில் அதற்கு இடமில்லை என்றால், கவிழ்த்த பெட்டிகள் மேல் ஒரு பலகையும் உட்கார ஒரு முக்காலியும் போதும். குந்துவதைவிட அது எவ்வளவோ மேல். கிழக்குக் கரையில் நவம்பர் முதல் மார்ச் வரை பருவமழைக் காலம், கடல் கொந்தளிக்கும். படகு கரையில் கிடக்கும் நாட்களில் தச்சு வேலையை முடித்துவிடலாம்.

பிறகு எடை. மலேசிய வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறையின் 2018 வழிகாட்டி, ஓர் ஆண் உடம்போடு ஒட்டி இடுப்பு உயரத்தில் தூக்கும் சுமைக்கே 25 கிலோவைத்தான் வரம்பாகச் சொல்கிறது. குனிந்து, கை நீட்டித் தூக்கும் சுமைக்கு வரம்பு இன்னும் குறைவு. அதுவும் ஆடாத தரைக்குச் சொன்ன கணக்கு. ஈரத் தளத்தில், ஐஸும் தண்ணீருமாக நிறைந்த பெட்டியை ஒற்றை ஆள் தூக்குவது வீரமல்ல. அரைப்பெட்டியாக நிரப்பி இரண்டு நடை நடங்கள். இல்லையேல் இரண்டு பேர் சேர்ந்து தூக்குங்கள்.

தூக்கும் நேரத்திலும் சூட்சுமம் உண்டு. படகு அலையில் மேலே எழும்பத் தொடங்கும்போது பெட்டி கனக்கும். அலை உச்சியில், படகு இறங்கத் தொடங்கும் கணத்தில், அதே பெட்டி லேசாகும். பழைய ஆட்கள் இதை யாரும் சொல்லாமலே செய்வார்கள். புதிதாக வந்தவருக்கு “இப்ப!” என்று குரல் கொடுங்கள். சுமையோடு இடுப்பைத் திருகாமல் காலை எடுத்து வைத்துத் திரும்ப வேண்டும்.

வலை இழுக்கையில் ஒரு காலை முன்னே ஊன்றி உடம்பின் எடையால் இழுங்கள், தோளால் மட்டும் இழுக்காதீர்கள். வின்ச் இருந்தால் அதற்கே வேலை கொடுங்கள். தொளதொள சட்டைக் கையை மட்டும் அதன் பக்கம் கொண்டுபோகாதீர்கள். கையுறை அளவாக இருக்கட்டும். தடித்த உறைக்குள் பிடி இறுகாது, அதனால் விரல் இன்னும் இறுக்கும், மணிக்கட்டுதான் அதற்கு விலை கொடுக்கும். ஒரே ஆள் நாள் முழுக்க ஐஸ் அள்ளாமல் ஆளை மாற்றுங்கள்.

சுளுக்கிவிட்டால் மருந்து பக்கத்திலேயே இருக்கிறது. ஐஸைத் துணியில் சுற்றி 15 நிமிடம் வையுங்கள், நேரடியாகத் தோலில் வேண்டாம். இடுப்பு பிடித்தால் நாள்கணக்கில் படுக்காமல் மெல்ல நடமாடுங்கள். வலி மாத்திரையை வெறும் வயிற்றில், தண்ணீர் குடிக்காமல், நாள் தவறாமல் விழுங்கினால் வயிறும் சிறுநீரகமும் கெடும்.

கீழே சொல்லும் அறிகுறிகள் வந்தால் காத்திருக்காமல் கரைக்கு வந்துவிடுங்கள்: கால் மரத்துத் தளர்வது, சிறுநீர் அடைபடுவது அல்லது கட்டுப்படாமல் போவது, தொடையிடுக்கு மரப்பது. மீன் முள் குத்திய விரல் வீங்கிக் காய்ச்சல் வந்தாலும் அப்படித்தான். இன்னொரு வகை உண்டு: முள் குத்தி வாரக்கணக்கான பிறகு விரல் மூட்டு மெதுவாக வீங்கும். அது மீனிலிருந்து வரும் கிருமியாக இருக்கலாம். கிளினிக்கில் “மீன் வேலை செய்கிறேன், முள் குத்தியது” என்று நீங்களே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் சாதாரண மூட்டுவலி என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிடக்கூடும்.

கடைசியாகக் காகிதம். சம்பளத்துக்கு வேலை செய்கிறவருக்கு முதலாளி சொக்சோ என்னும் சமூகப் பாதுகாப்புச் சந்தா கட்ட வேண்டும். 2019 ஜனவரி 1 முதல் வெளிநாட்டுத் தொழிலாளரும் அதன் வேலையிட விபத்துத் திட்டத்தில் அடங்குவர். சொந்தப் படகுக்காரர்கள் சுயதொழில் திட்டத்தில் தாங்களே சந்தா கட்டலாம். பங்குக்குப் போகிறவர் தான் எந்தக் கணக்கில் வருகிறோம் என்று சொக்சோ அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. அடிபட்டால் அன்றே தேதி, நேரம், செய்த வேலை, பார்த்தவர் பெயர் எல்லாவற்றையும் எழுதி முதலாளியிடம் கொடுங்கள். மருத்துவச் சான்றிதழின் நகல்களைப் படகில் வைக்காதீர்கள், நனைந்துபோகும். வீட்டில் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள்.