அவகாசம் பெருகினால் வேலை சுருங்குமா?

கேள்வி: கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் குடியிருந்துகொண்டு, சிதம்பரத்தில் ஒரு பள்ளியில் நெடுங்காலம் ஆசிரியையாக உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அந்த நாட்களில் வாசல் தெளித்துக் கோலமிட்டு, சமையலையும் முடித்துவிட்டு ரயிலைப் பிடித்துவிடுவேன். இப்போது பொழுதெல்லாம் என் கைவசம் இருந்தும், ஓர் அலமாரியை ஒழுங்கு பண்ணப் புகுந்தால் அன்றைய தினமே அதில் போய்விடுகிறது. முடித்த பிறகும் ஒரு காரியம் செய்தோம் என்ற திருப்தி வருவதில்லை. ஒவ்வொரு வேலைக்கும் நேரம் குறித்துக் கைப்பேசியில் மணி வைத்துக்கொள்ளும்படி மகன் சொல்கிறான். வைத்துப் பார்த்தேன், பள்ளிக்கூட மணி வீடுவரை துரத்தி வந்ததுபோல் இருக்கிறது. வீட்டு வேலைக்கும் கெடு வைக்கத்தான் வேண்டுமா?

— ஒரு வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

பதில்: தாங்கள் சொல்லும் சங்கடம் தங்களுக்கு மட்டும் நேர்ந்ததன்று. சிங்கப்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் சரித்திரப் பேராசிரியராக இருந்த நார்த்கோட் பார்க்கின்சன் என்ற ஆங்கிலேயர், 1955-ஆம் ஆண்டில் லண்டன் ‘எகானமிஸ்ட்’ பத்திரிகைக்கு எழுதிய ஒரு பரிகாசக் கட்டுரையில், எந்த வேலையும் தனக்குக் கிடைத்த அவகாசம் முழுவதையும் நிரப்பிக்கொள்ளும் அளவுக்கு விரிந்துவிடும் என்று கூறி, தம் உறவுப் பெண்ணுக்கு ஒரு தபால் கார்டு எழுதுவதிலேயே ஒரு முழு நாளையும் கழித்துவிடும் மூதாட்டி ஒருவரை அதற்கு உதாரணமாகக் காட்டினார். அவர் பரிகசிக்கப் புகுந்தது சர்க்கார் இலாகாக்களை. உதாரணத்துக்கு அகப்பட்டவரோ பாவம், ஒரு கிழவி. இதில் எனக்கு அவர்பால் சிறிது மனத்தாங்கல் உண்டு.

ஆயினும் வேலை நீள்வதற்குக் காரணம் சொன்ன பார்க்கின்சன், நீண்ட வேலை ஏன் ருசியற்றுப் போகிறது என்பதைச் சொல்லவில்லை. அதற்கு 2008-இல் ஜேமி கர்ட்ஸ் என்ற அமெரிக்க மனோதத்துவ ஆராய்ச்சியாளர் வெளியிட்ட பரிசோதனை ஒன்று உதவும். படிப்பு முடியச் சுமார் ஆறு வாரமே இருந்த மாணவர்களில் ஒரு பகுதியினரை, கல்லூரி வாழ்க்கை முடியப்போகிறது என்ற எண்ணத்தோடும், மற்றொரு பகுதியினரை, இன்னும் வேண்டிய காலம் கிடக்கிறது என்ற எண்ணத்தோடும் தங்கள் அனுபவங்களை எழுதிவரச் செய்தார். இரு சாராருக்கும் மிச்சமிருந்த நாட்கள் ஒன்றே. முடிவை அருகில் வைத்துப் பார்த்தவர்களே அந்த வாரங்களில் கல்லூரிக் காரியங்களில் அதிகமாகக் கலந்துகொண்டார்கள். மகிழ்ச்சியும் அவர்களுக்கே மிகுந்தது. அண்ணாமலை நகரின் விடுதிகளில் கடைசிப் பருவத்தைக் கழித்தவர்களுக்கு இதை நிரூபிக்க ஆராய்ச்சி எதுவும் தேவைப்படாது.

ஆகவே கெடு வேண்டும் என்பதில் தங்கள் மகனோடு எனக்கு அபிப்பிராய பேதம் இல்லை; அதை எங்கிருந்து எடுத்துக்கொள்வது என்பதில்தான் பேதம். தாங்கள் நாள்தோறும் இட்ட கோலத்தையே பாருங்கள். விடியுமுன் பெருக்கிச் சாணநீர் தெளித்த மண்தரையில், ஈரம் உள்ளே இறங்கியும் இறங்காமலும் இருக்கிற அந்தச் சிறு பொழுதில்தான் மாவு பதமாகப் பிடிக்கும். நீர் நிற்கும்போதே இட்டால் இழை கசிந்து பரவிவிடும், உலரவிட்டால் அடுத்த காற்றிலேயே பறந்துவிடும். ஆதலால் புள்ளி வைக்கிற விரல்கள் தயங்குவதில்லை. தொடங்கிய இழை, தொடங்கிய இடத்துக்கே வந்து சேருகிற வரையில் மனம் வேறெங்கும் போவதுமில்லை. கோலத்துக்கு யாரும் மணி அடிப்பதில்லை. அதன் கெடு தரையின் ஈரத்திலேயே இருக்கிறது. கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் வந்திறங்கிய மீனை வெயில் ஏறுமுன் ஏலத்தில் எடுத்துக் கூடையோடு புறப்படுகிற பெண்களையும் கடிகாரம் விரட்டுவதில்லை.

தங்களுக்கு அன்றாடம் பழகிய சிதம்பரத்திலோ இந்த நியமம் தெய்வ காரியத்திலேயே அமைந்திருக்கிறது. நித்தியம் ஆறு காலப் பூஜை நடக்கும் நடராஜர் ஆலயத்தில், ஸ்படிக லிங்கத்துக்கு ஆறு காலமும் அபிஷேகம் உண்டென்றாலும், மாணிக்கத்தாலான ரத்தினசபாபதிக்குக் காலையில் ஒரே ஒரு வேளைதான். கற்பூர தீபத்தை முதலில் முன்னே காட்டி, பிறகு அதைத் திருமேனிக்குப் பின்னே கொண்டுபோகும்போது, உள்ளிருந்து சுடர்விடுவதுபோல் அந்தச் சிறிய உருவம் செக்கச் செவேலென்று தோன்றும் காட்சி நிலைப்பது சில விநாடிகளே. நாள் முழுதும் அது அவ்வாறே தெரிந்துகொண்டிருந்தால் நாம் இப்படிக் குதிகாலை உயர்த்தி எட்டிப் பார்ப்போமா என்பது சந்தேகந்தான். மூலவரான நடராஜப் பெருமானுக்கோ வருஷம் முழுவதிலும் ஆறே அபிஷேகங்கள்: சித்திரைத் திருவோணம், ஆனி உத்திரம், மார்கழித் திருவாதிரை ஆகிய மூன்று நட்சத்திரங்களும், ஆவணி, புரட்டாசி, மாசி மாதங்களின் சதுர்த்தசிகளும். நமக்கு ஓராண்டாவது தேவர்களுக்கு ஒரு நாளாகையால், இந்த ஆறு அபிஷேகங்களும் அவர்களுடைய ஒரு நாளைய ஆறு காலங்கள் என்று பெரியோர் கூறுவர்.

கைப்பேசி மணியை மாத்திரை விழுங்கும் வேளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு அது மிகவும் உபகாரமானது. மற்ற வேலைகளுக்குப் பொழுதோடு ஒட்டிய எல்லையைத் தேடுங்கள். உலையில் போட்ட அரிசி வேகும் நேரத்தில் அலமாரியின் ஒரே ஒரு தட்டு. மொட்டைமாடியில் காயும் வற்றலின்மேல் சுவரின் நிழல் விழும் வரையில் கடிதம். விளக்கேற்றும் வேளை வரையில் தையல். அளவு தெரியாமல் திகைத்தால் நம் முன்னோர் வகுத்த ஒரு நாழிகை போதும். பகலும் இரவும் சேர்ந்த நாளை அறுபதாகப் பகுத்து, அடியில் சிறு துளையிட்ட வட்டிலைத் தண்ணீரில் மிதக்கவிட்டு அவர்கள் அளந்த நாழிகை 24 நிமிஷம். 1980-களின் பிற்பகுதியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிய மாணவர், தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரம் ஒன்றை வைத்துக்கொண்டு தம் படிப்புக்குக் கண்டறிந்த அளவு 25 நிமிஷம் என்பது வேடிக்கையான ஒற்றுமை.

எல்லை வந்ததும், தட்டு பாதியில் நின்றாலும் எழுந்துவிடுங்கள். இது முதலில் கஷ்டமாகவே இருக்கும். ஆசிரியையாக இருந்தவர்களுக்கு, திருத்தாத விடைத்தாளைப் பையில் மூடி வைக்கிற கஷ்டம். ஆயினும் இன்னும் கொஞ்சம் என்று ஒருமுறை நீட்டித்தால், மறுநாள் அந்தக் கெடுவை மனம் நம்பாது.

எல்லாவற்றுக்கும் எல்லை கட்டிவிடவும் கூடாது. தங்கள் ஜில்லாவிலேயே, வடலூரில் வள்ளலார் 1867-இல் தொடங்கிய தருமசாலையின் அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிந்து வருகிறது. பசித்து வருகிறவனுக்கு நேரம் குறிக்க முடியாதல்லவா? நோயாளிக்குச் செய்யும் பணிவிடையும், பேரக்குழந்தைக்குச் சொல்லும் கதையும் அந்த ரகம். அடுத்த வீட்டு அம்மாள் மனத்தில் ஏதோ பாரத்தோடு வந்து திண்ணையில் உட்கார்ந்தால், உலையை இறக்கி வைத்துவிட்டு அவரோடு பேசிக்கொண்டிருங்கள்.