ரிசர்வ் பென்ஷன்: ஆண்டுக் கணக்கு வேறு, பாயிண்ட் கணக்கு வேறு

கேள்வி: அமெரிக்காவில் டெக்சாஸில் வசிக்கிறேன், வயது 44. 2006-இல் ராணுவ ரிசர்வில் சேர்ந்தேன். 2016-இல் 9 மாதம் குவைத்தில் பணி. 20 ஆண்டு நிறைய ஓராண்டுதான் பாக்கி என்றிருந்தேன். ஆனால், இடையில் ஓர் ஆண்டுக்கு 46 பாயிண்ட்தான் பதிவாகியிருக்கிறது. அது செல்லாது என்கிறார்கள். அந்த உழைப்பு வீண்தானா? பென்ஷன் எப்போது, எவ்வளவு வரும்?

— ஒரு வாசகர்

பதில்: வீண் இல்லை. பென்ஷன் உண்டா என்பதை ஆண்டுகள் முடிவு செய்கின்றன. எவ்வளவு என்பதைப் பாயிண்டுகள் முடிவு செய்கின்றன. குறைந்தது 50 பாயிண்ட் எடுத்தால்தான் அது தகுதி ஆண்டு. அப்படி 20 வேண்டும். உங்கள் 46 அதில் சேராது. ஆனால் தொகையைக் கணக்கிடும்போது 46-ம் முழுசாகச் சேரும்.

அதற்காக அந்த ஆண்டை உடனே கைகழுவிவிடாதீர்கள். ரிசர்வில் இருப்பதற்கே ஆண்டுக்கு 15 பாயிண்ட். நான்கு மணி நேர ட்ரில்லுக்கு 1 வீதம், ஒரு வார இறுதிக்கு 4, ஆண்டுக்கு 48. ஆண்டுப் பயிற்சியில் நாளுக்கு 1. இரண்டு வாரத்துக்கு 14. ஒன்றையும் தவறவிடாதவருக்கு 77 வந்திருக்க வேண்டும். உங்களுக்குக் குறைவது 4, அதாவது ஒரே ஒரு வார இறுதி. ரிசர்வில் ஆண்டு பிறப்பது ஜனவரியில் அல்ல, பெரும்பாலும் நீங்கள் சேர்ந்த தேதியில். அந்தப் பன்னிரண்டு மாதச் சம்பளச் சீட்டுகளையும் பயிற்சி ஆணைகளையும் எடுத்து, ‘டிஏ 5016’ பாயிண்ட் அறிக்கையோடு ஒப்பிடுங்கள். விடுபட்டது தெரிந்தால் ஆதாரத்தோடு திருத்தக் கேட்கலாம். எதுவும் விடுபடவில்லை என்றால் கூடுதலாக ஓராண்டு பணியாற்ற வேண்டியதுதான்.

பென்ஷன் வழக்கமாக 60 வயதில் தொடங்கும். 2008 ஜனவரி 28-க்குப் பிந்தைய, தகுதியுள்ள முழுநேரப் பணியில் ஒவ்வொரு 90 நாளுக்கும் 3 மாதம் முன்னதாகவே கிடைக்கும். குவைத் பணி 270 நாளை எட்டியிருந்தால், 59 வயது 3 மாதத்திலேயே உங்களுக்குத் தொடங்கலாம். ‘டிரைகேர்’ ஓய்வூதியர் மருத்துவக் காப்பீட்டுக்கு மட்டும் 60 வரை காத்திருக்க வேண்டும்.

தொகைக்கு, மொத்தப் பாயிண்டை 360-ஆல் வகுத்து 2.5 சதவீதத்தால் பெருக்குங்கள். 3,000 பாயிண்ட் என்றால் 8.33 ஆண்டு, அடிப்படைச் சம்பளத்தின் மிக உயர்ந்த 36 மாதச் சராசரியில் சுமார் 20.8 சதவீதம். 2018-இல் புதிய கலப்புத் திட்டத்துக்கு மாறியிருந்தால் 2 சதவீதத்தால் பெருக்க வேண்டும்.

இருபது நிறைந்ததும் தகுதிக் கடிதம் வரும். வாழ்க்கைத் துணைக்கான குடும்ப ஓய்வூதியத் தேர்வை அதிலிருந்து 90 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். மணமானவர் பேசாமலிருந்தால் முழுக் காப்பும் தானாகச் சேர்ந்துவிடும். அதற்கான செலவு பின்னால் பென்ஷனில் பிடிக்கப்படும். விலகும்போது முழு விடுவிப்பு கேட்காமல் ‘ஓய்வுபெற்ற ரிசர்வ்’ பட்டியலுக்கு மாறுங்கள். அப்போதுதான் இடைப்பட்ட ஆண்டுகளின் சம்பள உயர்வும் கணக்கில் சேரும். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: வயது வந்ததும் பணம் தானாக வராது, நீங்கள்தான் விண்ணப்பிக்க வேண்டும்.