கை செய்யும், வாய் சொல்லும்

வாசலில் மாக்கோலம் போடுகிறோம். தெருவே நின்று பார்க்கிறது. "கோலம் அழகு" என்கிறார்கள். "போட்டது யார்? எப்படிப் போட்டார்?" என்று கேட்பவர் எத்தனை பேர்?

அப்படிக் கேட்க வைத்த இடம் ஒன்று டெல்லியில் இருக்கிறது. பிரகதி மைதானத்துக்கு அருகே உள்ள தேசியக் கைவினை அருங்காட்சியகம்தான் அது. 1956-இல் தொடங்கியது. பழைய பொருள்களைக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பதோடு அவர்கள் நிற்கவில்லை. குயவர், நெசவாளர், தச்சர், ஓவியர் என்று பலரையும் ஊர்களிலிருந்து வரவழைத்தார்கள். அவர்கள் முற்றத்தில் உட்கார்ந்து வேலை செய்தார்கள். பார்க்க வந்தவர்கள் கேள்வி கேட்டார்கள். செய்தவர் கையிலிருந்தே பொருளை வாங்கினார்கள். நடுவில் தரகர் இல்லை.

கங்காதேவியின் கதை

அங்கே வந்து வேலை செய்தவர்களில் ஒருவர் கங்காதேவி. பீகாரில் மிதிலைப் பகுதியில் 1928-இல் பிறந்தவர். மிதிலைப் பெண்கள் கல்யாண வீட்டுச் சுவரில் படம் எழுதுவார்கள். தாமரை, மூங்கில், மீன், கிளி எல்லாம் வரும். அந்த அறைக்குக் கோஹ்பர் என்று பெயர். விளக்குக் கரியில் கறுப்பு எடுப்பார்கள். மஞ்சளில் மஞ்சள் நிறம் எடுப்பார்கள். தாயிடமிருந்து மகள் கற்கும் வேலை இது. இதற்குக் கூலி கிடையாது.

1966-67-இல் பீகாரில் கடும் வறட்சி வந்தது. அகில இந்தியக் கைவினை வாரியம் அந்தப் பெண்களுக்குக் காகிதம் கொடுத்தது. சுவரில் எழுதுவதைக் காகிதத்தில் எழுதச் சொன்னது. படங்கள் விற்றன. அடுப்பு எரிந்தது.

கங்காதேவிக்குக் குழந்தை இல்லை. கணவர் இரண்டாம் திருமணம் செய்துகொண்டார். ஆதரவு இழந்த அவருக்குப் பேனா முனைதான் சோறு போட்டது. 1984-இல் அரசு பத்மஸ்ரீ விருது வழங்கியது. அமெரிக்காவில் நடந்த இந்திய விழாவுக்கும் போனார். அங்கே பார்த்த ராட்சத ரயில் ராட்டினத்தையும் மிதிலைக் கோட்டிலேயே வரைந்தார்.

பிறகு புற்றுநோய் வந்தது. டெல்லியில் சிகிச்சை பெற்றுக்கொண்டே அருங்காட்சியகச் சுவரில் கோஹ்பர் எழுதினார். மருத்துவமனையில் பட்ட துன்பத்தையும் படமாக்கினார். 1991-இல் காலமானார்.

சுவர் போனது, சொல் நின்றது

பின்னாளில் கட்டடத்தைப் புதுப்பித்தபோது அந்தச் சுவர் ஓவியம் அழிக்கப்பட்டது. 2015-இல் செய்தி வெளிவந்தது. கலைஞர்கள் மனம் நொந்தார்கள்.

ஆனால் கங்காதேவியின் கதை அழியவில்லை. ஏன்? அருங்காட்சியகத்தின் இயக்குநராக இருந்த ஜோதீந்திர ஜெயின் அவரைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அது 1997-இல் வெளிவந்தது. சுவர் இடிந்தாலும் எழுத்து நிற்கும்.

நம் ஊரிலும் கூடை முடைபவர் இருக்கிறார். பானை வனைபவர் இருக்கிறார். தையல் அக்கா இருக்கிறார். அவர்கள் வேலை யாருடைய ஏட்டில் இருக்கிறது?

நம் மையத்தில் ஒரு மாலை

1. ஒரு சனிக்கிழமை மாலை மையத்தின் கதவை எல்லோருக்கும் திறந்து வைப்போம்.
2. தொழில் தெரிந்த ஒருவரை அழைப்போம். அவர் செய்து காட்டட்டும். பிறகு தன் வேலையைப் பற்றித் தானே பேசட்டும்.
3. எல்லோரும் ஆளுக்கொரு கேள்வி கேட்போம். தொட்டுச் செய்து பார்ப்போம்.
4. அவர் பெயர், யாரிடம் கற்றார், என்ன பொருள் வேண்டும், எத்தனை நாள் ஆகும் என்பதை நோட்டில் எழுதுவோம். அதை அவருக்குப் படித்துக் காட்டுவோம்.

பதில் எழுதுங்கள்

1. கோஹ்பர் என்றால் என்ன?
2. 1966-67-க்குப் பிறகு மிதிலைப் பெண்களின் வேலையில் என்ன மாற்றம் வந்தது?

கணக்குப் போடுங்கள்

ஒரு கூடைக்கு மூங்கில் 80 ரூபாய். ஒரு நாளில் 2 கூடை முடையலாம். ஒரு நாள் கூலி 400 ரூபாய் என்றால், ஒரு கூடையின் அடக்க விலை என்ன? அதை 200 ரூபாய்க்குக் கேட்பவரிடம் என்ன சொல்வீர்கள்?

கூடிப் பேசுங்கள்

உங்கள் வீட்டில் பாட்டிக்கு மட்டுமே தெரிந்த கைவேலை எது? அதை யார் கற்றுக்கொள்வது? யார் எழுதி வைப்பது?