பேறுகாலத்தில் மருத்துவச்சியின் கவனிப்பைத் தேர்ந்தெடுத்தல்

கருவுற்றிருப்பது உறுதியானதும் அமீரகத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவும் முதலில் விசாரிப்பது, நல்ல ‘லேடி டாக்டர்’ யார் என்பதையே. மருத்துவச்சியைப் பற்றி விசாரிப்போர் குறைவு. அச்சொல் பலருக்குப் பாட்டி காலத்துக் கிராமத்தை நினைவூட்டுகிறது. ஆயினும் பிரசவ அறையில் மணிக்கணக்காக உடனிருந்து, சிக்கலற்ற பிரசவத்தில் குழந்தையைக் கையில் ஏந்துபவர், துபாயின் லதீபா மருத்துவமனை, அபுதாபியின் கார்னிஷ் மருத்துவமனை போன்ற பெரிய மகப்பேற்று மருத்துவமனைகளில் பெரும்பாலும் பயிற்சியும் உரிமமும் பெற்ற மருத்துவச்சியே. வலி வந்த இரவில்தான் பல பெண்கள் அவரை முதன்முறையாகக் காண்கின்றனர். அதற்குச் சில மாதங்கள் முன்னரே அவருடைய கவனிப்பைக் கேட்டுப் பெற இயலுமா, யாருக்கு அது பொருந்தும், எவற்றை விசாரிக்க வேண்டும் என்பவற்றை இப்பகுதி விளக்குகிறது.

ஊர் வழக்கமும் இவ்விடத்து முறையும்

இலங்கையிலிருந்து வந்தோருக்கு மருத்துவச்சி புதியவர் அல்லர். 1926-இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவிலிருந்து வளர்ந்த முறையின்படி, குடும்பநல மருத்துவமாது தம் பகுதியிலுள்ள கர்ப்பிணியின் வீட்டுக்கே வருகிறார். பிரசவத்திற்குப் பின்னரும் வருகிறார். தமிழ்நாட்டில் கிராம சுகாதாரச் செவிலியர் பதிவும் தடுப்பூசியும் பார்க்கிறார். நகரத்தாருக்கோ எல்லாமே மகப்பேற்று மருத்துவர்தாம். இந்த எதிர்பார்ப்புகளுள் எதுவும் அப்படியே அமீரகத்திற்குப் பொருந்தாது.

இங்கும் இரண்டு தலைமுறைகளுக்கு முன் குழந்தைகள் வீட்டிலேயே, ‘தாயா’ எனப்பட்ட அனுபவம் மிக்க பெண்களின் துணையுடன் பிறந்தன. 1960-இல் பாட் கென்னடி, மரியன் கென்னடி என்னும் அமெரிக்க மருத்துவத் தம்பதியர் அல் ஐனில் தொடங்கிய ஒயாசிஸ் மருத்துவமனை, பிரசவத்தை மருத்துவமனைக்குக் கொண்டுவந்த தொடக்க முயற்சிகளுள் ஒன்று. அது இன்று கனத் மருத்துவமனை எனப்படுகிறது. கென்னடி என்னும் பெயரை உள்ளூர் மக்கள் அழைத்த விதமே அது. இப்போது பிரசவம் மருத்துவமனையில் நடைபெறுவதே முறை. பிறப்பறிவிப்பை வழங்குவதும் மருத்துவமனையே. அதைக் கொண்டுதான் பிறப்புச் சான்றிதழ் பெறப்படுகிறது. ஆகவே இங்கு மருத்துவச்சியின் கவனிப்பு என்பது வீட்டுப் பிரசவத்தைக் குறிப்பதன்று. ‘வீட்டிற்கே வந்து பிரசவம் பார்க்கிறேன்’ என்று உரிமமற்ற எவரேனும் முன்வந்தால் அதனை ஏற்கலாகாது.

அரபு மொழியில் மருத்துவச்சியைக் ‘காபிலா’ என்பர். மருத்துவமனைகளில் வழங்கும் சொல் ‘மிட்வைஃப்’. துபாயில் துபாய் சுகாதார ஆணையமும், அபுதாபியில் சுகாதாரத் துறையும், ஏனைய அமீரகங்களில் சுகாதார அமைச்சும் அவருக்கு உரிமம் அளிக்கின்றன. உரிமம் நடைமுறையில் உள்ளதா என்று கேட்பது தவறாகாது. துபாய் சுகாதார ஆணையத்தை 800342 என்ற எண்ணில் அழைத்தும் விசாரிக்கலாம்.

மருத்துவச்சி செய்வது என்ன?

இரத்த அழுத்தம், சிறுநீர், வயிற்றின் வளர்ச்சி, குழந்தையின் இதயத்துடிப்பு, அது தலைகீழாகத் திரும்பியுள்ளதா என்பது ஆகியவற்றை மருத்துவச்சி பார்க்கிறார். பிரசவ வலியைத் தாங்கும் முறைகளைக் கற்பிக்கிறார். சிக்கலற்ற பிரசவத்தைத் தாமே நடத்துகிறார், பின் பாலூட்டலுக்குத் துணை நிற்கிறார். அறுவைச் சிகிச்சை, ஆயுதப் பிரசவம் ஆகியவை மருத்துவரின் பணி. முதுகில் இடும் எபிடியூரல் ஊசி மயக்க மருந்து மருத்துவருடையது. மருத்துவச்சியைத் தேர்ந்தெடுத்தவர் அந்த ஊசியைப் பெற முடியாது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. மருத்துவமனையில் அவ்வசதி இருப்பின் கேட்டுப் பெறலாம்.

ஒரே மருத்துவச்சியோ சிறு குழுவோ தொடக்கம் முதல் பிரசவம் வரை கவனித்தால் என்ன பயன் என்பதை உலகெங்கும் ஆராய்ந்துள்ளனர். 2024-இல் புதுப்பிக்கப்பட்ட காக்ரேன் தொகுப்பாய்வு 17 ஆய்வுகளையும் 18,500-க்கும் மேற்பட்ட பெண்களையும் கணக்கில் கொண்டது. அத்தகைய தொடர் கவனிப்பைப் பெற்றோரிடையே இயல்பான பிரசவம் கூடியும், சிசேரியனும் ஆயுதப் பிரசவமும் குறைந்தும் காணப்பட்டன. கவனிக்க வேண்டிய சொல் ‘தொடர்’ என்பது. ஒவ்வொரு முறையும் வெவ்வேறு மருத்துவச்சி வருவாராயின் இந்தப் பயனை எதிர்பார்ப்பதற்கில்லை.

யாருக்குப் பொருந்தும்?

உடல்நலமுள்ள, ஒற்றைக் குழந்தையைச் சுமக்கும், முந்தைய பேறுகளில் பெரிய சிக்கல் இல்லாத பெண்ணுக்கு மருத்துவச்சியின் கவனிப்பே முதன்மையானதாக இருக்கலாம். இரட்டைக் கரு, உயர் இரத்த அழுத்தம், இன்சுலின் தேவைப்படும் நீரிழிவு, இதய நோய், கருப்பை வாயை மறைக்கும் நஞ்சுக்கொடி ஆகியவை இருந்தால் மருத்துவரே பொறுப்பேற்க வேண்டும். மருத்துவச்சி உடன் நிற்பார். தெற்காசியப் பெண்களுக்குக் கர்ப்பகால நீரிழிவு வரும் வாய்ப்பு அதிகம் என்பதால் 24 முதல் 28 வாரங்களுக்குள் செய்யப்படும் சர்க்கரைப் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது. தொடக்கத்தில் சிக்கலற்றதாக இருந்த கர்ப்பம் இடையில் மாறுவதும் உண்டு. அப்போது மருத்துவரிடம் மாற்றப்படுவதை மருத்துவச்சியின் தோல்வியாகக் கருத வேண்டியதில்லை; உரிய நேரத்தில் மாற்றுவதும் அவர் பணியின் ஒரு கூறே.

முதல் குழந்தையைச் சிசேரியன் மூலம் ஊரில் பெற்று, இரண்டாவதை இங்கே சுமப்போர் தனியே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அவர்கள் தொகை சிறிதன்று. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 விழுக்காடு சிசேரியன். அடுத்த பேறு இயல்பாக அமையலாமா என்பதை முடிவு செய்ய, முன்பு கருப்பையில் எத்தகைய வெட்டு இடப்பட்டது என்பது மருத்துவருக்குத் தெரிய வேண்டும். வயிற்றின் மேலுள்ள தழும்பைப் பார்த்து அதனை அறிய முடியாது. எனவே ஊர் மருத்துவமனையின் அறுவைச் சிகிச்சைக் குறிப்பை உறவினர் வழியாக முன்னதாகவே பெற்று வைத்துக்கொள்ள வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் சில வேளைகளில் போதாது.

விசாரிக்க வேண்டியவை

முதல் மூன்று மாதங்களுக்குள், மருத்துவமனையை முடிவு செய்யும் முன்பே, சிலவற்றைக் கேட்டுத் தெளிவது நன்று. மருத்துவச்சி நடத்தும் பரிசோதனைப் பிரிவு அங்கு உள்ளதா? அங்குப் பார்ப்பவரே பிரசவ அறைக்கும் வருவாரா, அல்லது பணிமுறையில் இருப்பவர் வருவாரா? வலியின்போது கணவரோ தாயோ உடனிருக்கலாமா? நடமாடவும் விரும்பிய நிலையில் இருக்கவும் அனுமதி உண்டா? அந்த மருத்துவமனையில் சிசேரியன் விழுக்காடு எவ்வளவு? கடைசிக் கேள்விக்கு விடை தரத் தயங்கும் இடங்களும் உண்டு. தயக்கமும் ஒரு தகவல்தான்.

மொழியையும் கேட்க வேண்டும். அலுவலகத்தில் சரளமாக ஆங்கிலம் பேசும் பெண்ணுக்கும் வலியின் உச்சத்தில் தாய்மொழியே வாயில் வரும். தமிழோ மலையாளமோ அறிந்த செவிலியர் வளைகுடா மருத்துவமனைகள் பலவற்றில் உள்ளனர். இயன்றால் அத்தகையவரை அமர்த்தும்படி கோரிக்கையைக் கோப்பில் எழுதச் சொல்லலாம்.

செலவைப் பொறுத்தவரை, மருத்துவச்சியின் ஆலோசனை காப்பீட்டில் அடங்குமா என்பதைக் காப்பீட்டு நிறுவனத்திடமே எழுத்து மூலம் கேட்க வேண்டும். துபாயின் அடிப்படைக் காப்பீட்டுத் திட்டத்தில் மகப்பேற்றுச் செலவில் 10 விழுக்காட்டைப் பயனாளி ஏற்க வேண்டும்; உச்சவரம்பும் உண்டு. தனியார் மருத்துவமனைகள் ‘பேக்கேஜ்’ ஆகக் கூறும் தொகையில், இயல்பான பிரசவம் சிசேரியனாக மாறினால் எவ்வளவு கூடும் என்பதை முன்பே அறிந்துகொள்வது அவசியம்.

தாய்வீடு செல்வோருக்கு

ஏழாம் மாதத்தில் வளைகாப்பு முடித்துத் தாய்வீடு செல்லும் வழக்கத்தால், இங்குத் தொடங்கிய கவனிப்பு இடையில் அறுபடுகிறது. எமிரேட்ஸ் விமானங்களில் 29 வாரங்களுக்குப் பின் மருத்துவச் சான்று தேவை. ஒற்றைக் கருவாயின் 36 வாரங்களுக்குப் பின்னும், இரட்டையாயின் 32 வாரங்களுக்குப் பின்னும் பயணம் இல்லை. தமிழ்நாட்டில் குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்குக் கர்ப்பப் பதிவு எண் கேட்கப்படுகிறது. ஆதலால் ஊரில் பெற்றெடுக்க எண்ணுவோர் அங்கும் உரிய காலத்தில் பதிவு செய்து, இங்குள்ள பரிசோதனை முடிவுகள் அனைத்தின் நகலையும் கையில் எடுத்துச் செல்ல வேண்டும்.

எங்கு இருப்பினும், இரத்தப் போக்கு, பனிக்குடம் உடைதல், பார்வை மங்கலுடன் கூடிய கடும் தலைவலி, குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவற்றுக்கு அடுத்த பரிசோதனை நாள்வரை காத்திருக்கக் கூடாது. உடனே மருத்துவமனை செல்ல வேண்டும். அமீரகத்தில் ஆம்புலன்ஸ் எண் 998.

பிரசவத்திற்குப் பின்

ஊரில் பச்சை உடம்புக்காரியைப் பார்த்துக்கொள்ளப் பாட்டியும் அத்தையும் இருப்பர். இங்கோ கணவர் பணிக்குச் சென்றபின் நாள் முழுதும் தாயும் சேயும் மட்டுமே உள்ள வீடுகள் மிகுதி. பால் கட்டுதலும் தையல் வலியும் உறக்கமின்மையும் சேரும்போது மனச்சோர்வு எளிதில் வந்துவிடுகிறது. மருத்துவச்சி பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு தாளைத் தந்து நிரப்பச் சொல்வதுண்டு. அது 1987 முதல் வழங்கும் எடின்பரோ அளவுகோல். அதற்கு உள்ளதை உள்ளபடி விடையளிக்க வேண்டும். அழுகை வருகிறது என்று எழுதுவதில் வெட்கப்பட ஏதுமில்லை. பிரசவத்திற்குப் பின் வீட்டுக்கு வந்து பார்க்கும் உரிமம் பெற்ற மருத்துவச்சியின் சேவை உண்டா என்பதை மருத்துவமனையை விட்டு நீங்கும் முன்பே கேட்டறியலாம். செலவு செய்ய இயன்ற குடும்பம், அழகிய தனியறையை விட இதற்கே முதலிடம் தருவது நல்லது.

தனியார் துறையில் பணிபுரியும் பெண்களுக்கு 2021-ஆம் ஆண்டின் 33-ஆம் எண் கூட்டாட்சி ஆணைச் சட்டப்படி 60 நாள் விடுப்பு உண்டு: 45 நாள் முழு ஊதியத்துடன், 15 நாள் அரை ஊதியத்துடன். பணிக்குத் திரும்பியபின், பிரசவ நாளிலிருந்து ஆறு மாதம் வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்திற்கு மிகாமல் பாலூட்டும் இடைவேளையும் உண்டு. தந்தைக்கும் தாய்க்கும் ஐந்து வேலைநாள் பெற்றோர் விடுப்பு தனி. குழந்தை பிறந்த ஆறு மாதத்திற்குள் அதனை எடுத்துக்கொள்ளலாம். வீட்டுப் பணியாளர்களுக்கு வேறு சட்டம் பொருந்தும்.

சான்றுறுதி பெற்ற திருமணச் சான்றிதழைப் பிரசவத்திற்கு முன்பே ஆயத்தமாக வைத்திருந்தால் பிறப்புப் பதிவு தாமதமின்றி முடியும். குழந்தைக்குக் கடவுச்சீட்டு பெற்று, பிறந்த 120 நாட்களுக்குள் வதிவிட விசா எடுக்க வேண்டும். தவறினால் அபராதம் விதிக்கப்படும். இந்தியக் குடிமக்கள் ஓராண்டுக்குள் தூதரகத்தில் பிறப்பைப் பதிவு செய்தாக வேண்டும்.