கேஸ்ட்ரிக் மருந்து: காப்பார்வாசிகளுக்கு முழுமையான வழிகாட்டி

ஐஸ் பெட்டிக் கதவில் பாதி காலியான வெள்ளை மருந்துப் போத்தல். மேசை இழுப்பறையில் யாருக்கோ எப்போதோ கொடுத்த ஓமெப்ரஸோல் பொட்டலம். காப்பாரில் பல வீடுகளில் கேஸ்ட்ரிக் வைத்தியம் இந்த இரண்டோடு முடிந்துவிடுகிறது. இரண்டுமே நல்ல மருந்துகள். எதை, எப்போது, எத்தனை நாள் என்பதில்தான் கோளாறு.

படி 1: மருந்தைத் தொடுமுன் நெஞ்சைக் கவனியுங்கள்

நெஞ்சு நடுவில் அழுத்தம், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல். இவற்றில் எது வந்தாலும் வெள்ளை மருந்தைக் குடித்துவிட்டுக் காத்திருக்க வேண்டாம், 999-க்கு அழையுங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு மாரடைப்பு வெறும் நெஞ்செரிச்சல் மாதிரியும் வரும். மருந்து குடித்ததும் வலி குறைந்தது என்பதை வைத்து இதயம் சரியாக இருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது.

தார் போன்ற கருப்பு மலம், ரத்த வாந்தி என்றால் நேரே கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். விழுங்கச் சிரமம், காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை இருந்தால் எண்டோஸ்கோபி பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

படி 2: புண்ணா, எதுக்களிப்பா?

சாப்பிட்டுப் படுத்ததும் புளிப்பாக மேலே ஏறி எரிந்தால் பெரும்பாலும் அமில எதுக்களிப்பு. மேல் வயிற்றில் கடித்துப் பிடுங்குகிற வலி, பசி நேரத்திலோ நடு இரவிலோ வந்தால் புண்ணாக இருக்கலாம். அறிகுறியை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது.

புண்ணுக்கு முக்கியக் காரணங்கள் இரண்டு: வலி மாத்திரை, ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் இந்தக் கிருமியைக் கண்டறிந்தவர்கள் ராபின் வாரனும் பேரி மார்ஷலும். யாரும் நம்பாததால் 1984-இல் மார்ஷல் கிருமியைத் தானே குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. நம் நாட்டில் மலாயாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கோ கியான் லீ குழுவினர் செய்த ஆய்வுகளில், இந்தியர்களிடமும் சீனர்களிடமும் இந்தக் கிருமி அதிகமாகவும் மலாய்க்காரர்களிடம் மிகக் குறைவாகவும் இருந்தது. ஆகவே நமக்கு இந்தக் கிருமிக்கான பரிசோதனை வீண்செலவு அல்ல. முதலில் காப்பார் கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போய் விசாரியுங்கள். குடிமக்களுக்கு 1 ரிங்கிட்தான், மருந்தும் அதில் அடக்கம்.

படி 3: மருந்துகளை அடையாளம் காணுங்கள்

வெள்ளை மருந்து, அதாவது எம்எம்டி, மக்னீசியம் டிரைசிலிகேட் கலவை. சுரந்துவிட்ட அமிலத்தை முறிக்கும். சில நிமிடத்தில் சுகம், ஓரிரு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். புண்ணை ஆற்ற இது போதாது. தூள் அடியில் தங்கிவிடுவதால் போத்தலை நன்றாகக் குலுக்க வேண்டும்; குலுக்காதவர் முதல் வாரம் தண்ணீரையும் கடைசி வாரம் சுண்ணாம்புக் குழம்பையும் குடிக்கிறார். இரும்புச்சத்து மாத்திரைக்கும் இதற்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். தைராய்டு மாத்திரைக்கு நான்கு மணி நேரம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது.

காவிஸ்கோன் இரைப்பையில் இருப்பதன் மேல் நுரைப்படலமாக மிதந்து, அமிலம் மேலே ஏறாமல் தடுக்கும். சாப்பிட்ட பிறகும் படுக்கும் முன்பும் எடுக்க வேண்டியது. உப்புச்சத்து உண்டு, ரத்த அழுத்தக்காரர்கள் அளவோடு எடுக்கட்டும்.

ஃபாமோடிடின் அமிலச் சுரப்பைக் குறைக்கும். இதே குடும்பத்து ரானிடிடினை அந்தக் காலத்தில் எல்லோரும் விழுங்கினோம். அதில் என்டிஎம்ஏ என்ற மாசு கலந்திருந்ததால் 2020 ஏப்ரலில் அமெரிக்கா அதைச் சந்தையிலிருந்து எடுக்கச் சொன்னது. பழைய அட்டை வீட்டில் கிடந்தால் சாப்பிட வேண்டாம்; மருந்தகத்தில் ஒப்படையுங்கள்.

ஓமெப்ரஸோல், பன்டோப்ரஸோல், எசோமெப்ரஸோல் மூன்றும் அமிலத்தைச் சுரக்கும் பம்பையே அடைத்துவிடும். புண்ணை ஆற்றுவதில் இவைதான் முதல் வரிசை.

படி 4: செபெலும் மாக்கான்

ஓமெப்ரஸோல் வகை மருந்தின் கிளினிக் பொட்டலத்தில், “சாப்பிடும் முன்” என்று பொருள்படும் இந்த இரண்டு மலாய்ச் சொற்களைப் பார்த்தால் அலட்சியப்படுத்தாதீர்கள். சாப்பிடும்போதுதான் பம்புகள் விழித்து வேலை செய்யும். விழித்திருக்கும் பம்பைத்தான் மருந்தால் அடைக்க முடியும். அதனால் சாப்பாட்டுக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்பே மருந்து உடம்பில் சேர்ந்திருக்க வேண்டும். வயிறு முட்ட நாசி லெமாக் சாப்பிட்டுவிட்டு விழுங்கினால் பலன் குறையும்.

இரவு ஷிப்டு வேலைக்காரர்களுக்குக் “காலை” என்பது கடிகாரக் காலை இல்லை. தூங்கி எழுந்து சாப்பிடும் முதல் வேளைக்கு முன் போடுங்கள். உள்ளே இருக்கும் மணிகளுக்கு அமிலம் தாக்காதபடி உறை உண்டு, கேப்சூலைக் கடிக்காதீர்கள். முழுப் பலன் தெரிய மூன்று நான்கு நாள் ஆகும். அதுவரை எரிந்தால் காவிஸ்கோனைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம்.

சிறுகுடல் புண்ணுக்கு வழக்கமாக 4 வாரம், இரைப்பைப் புண்ணுக்கு 8 வாரம். வலி போனதும் ஐந்தாம் நாளே நிறுத்தினால் புண் பாதி ஆறியபடி நிற்கும்.

படி 5: கிருமி இருந்தால்

அமோக்ஸிசிலின், கிளாரித்ரோமைசின், கூடவே ஓமெப்ரஸோல் வகை ஒன்று: மூன்றும் நாளுக்கு இரு வேளை, பெரும்பாலும் 14 நாள். பென்சிலின் அலர்ஜி இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வேறு மருந்து தருவார்கள். வாய் கசக்கும், வயிறு இளகும். ஆனாலும் பாதியில் விட்டால் மிஞ்சிய கிருமி மருந்துக்கு அடங்காததாகிவிடும். ஆன்டிபயாடிக் முடித்து 4 வாரம், ஓமெப்ரஸோல் நிறுத்தி 2 வாரம் கழித்து மூச்சுப் பரிசோதனை செய்தால்தான் கிருமி போனதா என்று தெரியும்.

படி 6: மற்ற மருந்துகளையும் கொண்டுபோய்க் காட்டுங்கள்

முட்டி வலிக்குப் பொன்ஸ்தானோ வோல்டாரனோ போட்டுக்கொண்டே கேஸ்ட்ரிக் மருந்தும் குடிப்பவர், ஒரு கையால் புண்ணை ஆற்றி மறு கையால் கீறுகிறார். பெயர் தெரியாத ஜாமு இன்னும் மோசம். சிலவற்றில் டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு ரகசியமாகக் கலந்திருப்பது பலமுறை பிடிபட்டிருக்கிறது. பெட்டியில் எம்ஏஎல் என்று தொடங்கும் பதிவு எண் இல்லாததை வாங்கவே வேண்டாம். இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுபவர் மட்டும் தானாக நிறுத்தக்கூடாது. குளோபிடோகிரல் எடுப்பவருக்கு ஓமெப்ரஸோல் ஒத்துவராது. பன்டோப்ரஸோல் போன்ற மாற்று உண்டு.

படி 7: நிறுத்துவது

பல வாரம் அடைபட்டிருந்த பம்புகள் மருந்தை நிறுத்தியதும் சில வாரம் கூடுதலாகச் சுரக்கும். “மருந்தை விட்டதும் நோய் திரும்பிவிட்டது” என்று பயந்து பலர் வருடக்கணக்கில் விழுங்குவது இதனால்தான். டாக்டரிடம் பேசி, அளவைக் குறைத்து, பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் என்று இறங்கலாம். அந்த இடைவெளியில் இரவு பதினொரு மணி ரொட்டி சானாயை விட்டுவிடுங்கள். படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன் சாப்பாட்டை முடித்து, இடப்பக்கம் சாய்ந்து தூங்குங்கள்.

முன்பு ரத்தம் கசிந்தவர்கள், ஆஸ்பிரின் சாப்பிடும் வயதானவர்கள் நீண்ட நாள் எடுக்க வேண்டியிருக்கும். அவர்கள் சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் சாப்பிட்டால், இரண்டும் சேர்ந்து பி12 சத்தைக் குறைக்கும். கால் மரத்துப்போவதைச் சர்க்கரையின் தலையில் கட்டுவதற்கு முன், அடுத்த ரத்தப் பரிசோதனையில் பி12-ஐயும் மக்னீசியத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.