பேஸ்மென்ட் குடோனில் ஈரமா?

2015 டிசம்பர் மழையில் சென்னையில் எங்கள் கடைக்கு வெள்ளம் வரவில்லை. ஆனாலும் பேஸ்மென்ட் குடோனில் அடிவரிசைச் சர்க்கரை மூட்டைகள் கசிந்து வீணாயின. அந்த நஷ்டத்தில் கற்றதை வணிகப் பெருமக்களுக்குச் சொல்கிறோம்.

முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பாலிதீன் தாளைத் தரையில் விரித்து, நான்கு ஓரமும் ஒட்டி, ஒரு நாள் விடுங்கள். தாளின் அடியில் நீர் கோத்தால் நிலத்து ஈரம். மேலே கோத்தால் காற்றின் ஈரம்.

நிலத்து ஈரமென்றால், மொட்டைமாடித் தண்ணீர் சுவரோரம் விழாமல் குழாயை நீட்டுங்கள். வெளித்தரையைச் சுவரிலிருந்து சரிவாக்குங்கள். உள்ளே தாழ்ந்த மூலையில் குழி வெட்டி மோட்டார் வையுங்கள்.

காற்றின் ஈரமென்றால், மழை நாளிலும் புழுக்கமான நாளிலும் ஜன்னலை மூடி, வெளிக்காற்று உலர்ந்திருக்கும்போது மட்டும் திறவுங்கள்.

எதுவானாலும் மூட்டைகளைக் கட்டைமேல், சுவரைவிட்டு ஒரு முழம் தள்ளி அடுக்குங்கள். தண்ணீருக்கு வழி செய்யாமல் உட்சுவருக்குப் பூச்சு பூசுவது வீண் செலவு.