மீட்டர் சொல்லும் பொய்: பழைய காரில் முதல் ராலிக்குப் போகிறவர்களுக்கு

கடைசிச் சாவடிக்கு 9 நிமிடம் முன்னதாக வந்து சேர்ந்து, முதல் பரிசு தங்களுக்குத்தான் என்று நின்றிருந்த இருவரை ஒரு முறை பார்த்தேன். புத்தம் புதிய கார். முடிவு ஒட்டியபோது அவர்கள் எண் பட்டியலின் அடியில் கிடந்தது. அன்றைக்குக் கோப்பையை வாங்கிப் போனவர்கள் கீழக்கரைப் பக்கத்து அண்ணன் தம்பி. வந்திருந்தது 25 வயது மாருதி 800. அந்த இருவரும் வேகத்தை நம்பினார்கள், அண்ணன் தம்பி கணக்கை நம்பினார்கள். அதன் பிறகு நம் பக்கத்திலிருந்து முதன்முதலாகப் போகிற பல பேர் அதே இடத்தில் இடறுவதைக் கண்டுவிட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எந்தப் போட்டி

காட்டு ராலி என்றதும் சிக்கமகளூர் காப்பித் தோட்டங்களுக்குள் மண்ணைக் கிளப்பிக்கொண்டு பாயும் தேசிய ராலிதான் நினைவுக்கு வரும். அதற்குக் காருக்குள் இரும்புக் கூண்டு, தீப்பிடிக்காத உடை, ஹெல்மெட், மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்.எம்.எஸ்.சி.ஐ. கொடுக்கும் உரிமம் எல்லாம் வேண்டும். பழைய காரை வைத்திருப்பவர் நுழைய வேண்டிய வாசல் டி.எஸ்.டி. ராலி: நேரம், வேகம், தூரம். நடத்துபவர் குறித்துக் கொடுத்த சராசரி வேகத்தில், குறித்த விநாடியில் சாவடியைக் கடக்க வேண்டும். சாவடி எங்கே இருக்கிறது என்று முன்கூட்டிச் சொல்லமாட்டார்கள். பிந்தினால் தண்டப் புள்ளி. முந்தினால் பல போட்டிகளில் அதைவிடக் கூடுதல். மணிக்கு 36 கிலோமீட்டர் போகத் தெரிந்த எந்தக் காரும் இதில் வெல்லலாம். சென்னை, கோவை, பெங்களூரு என்று நடக்கும். நாம்தான் போக வேண்டும்.

காகிதங்கள்

ஆர்.சி., மாசுச் சான்று, ஓட்டுநர் உரிமம். கார் 15 வருடம் தாண்டியிருந்தால் ஆர்.சி. புதுப்பித்திருக்க வேண்டும். இன்சூரன்ஸ் தாளை ஒரு முறை முழுதாகப் படியுங்கள். பந்தயம், வேகச் சோதனை போன்றவற்றுக்கு இந்தப் பாலிசி பொருந்தாது என்று அதில் அச்சடித்திருக்கும். நடத்துபவர் தனியாக இன்சூரன்ஸ் எடுத்திருக்கிறாரா, அரசின் எழுத்துப்பூர்வ அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 189ஆம் பிரிவின்படி அந்த அனுமதி இல்லாமல் பொது இடத்தில் வேகப் போட்டி நடத்துவதே குற்றம். பதில் மழுப்பலாக வந்தால் பணம் கட்டாதீர்கள்.

கார்

பிரேக், கிளட்ச், ஃபேன் பெல்ட், ரேடியேட்டர் ஹோஸ் எல்லாம் உங்கள் பட்டறைத் தம்பிக்கே தெரியும். நம் கடற்கரைக்கே உரிய மூன்றை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது துரு. கதவுக்குக் கீழே ஜாக்கி வைக்கும் இடத்தை ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்க வேண்டும். சொத்தென்று கேட்டால் உள்ளே உப்புத் தின்றிருக்கிறது. நடுவழியில் ஜாக்கி ஏற்றினால் தகட்டைக் கிழித்துக்கொண்டு மேலே வரும். முதலில் டிங்கரிங், பிறகு போட்டி.

இரண்டாவது எர்த் வயர். பேட்டரியிலிருந்து பாடிக்கும் இஞ்சினுக்கும் போகிற இணைப்புகளைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கிரீஸ் தடவி மாட்டுங்கள். கடலோரக் கார் காரணமே தெரியாமல் மக்கர் பண்ணினால் நான் முதலில் தொடுவது இதைத்தான்.

மூன்றாவது கருவை முள். பயிற்சிக்குப் போகும் மண் பாதையில் கரிமூட்டக்காரர்கள் வெட்டிப் போட்ட சீமைக் கருவேலங் கிளை கட்டாயம் கிடக்கும். ஸ்டெப்னி இரண்டு வேண்டும், ஒன்று போதாது. காற்று மெல்ல இறங்குகிறது என்றால் முள்ளைப் பிடுங்காமல் பஞ்சர் கடை வரை ஓட்டிவிடுங்கள். பிடுங்கினால் அங்கேயே உட்கார வேண்டியதுதான்.

நேவிகேட்டர்

பக்கத்தில் உட்கார்ந்து வழியும் கணக்கும் பார்க்கிறவர்தான் உண்மையில் போட்டியில் ஓடுகிறார். ஸ்டியரிங் பிடிப்பவர் அவர் சொல் கேட்பவர். பார்வையில்லாதவர்கள் பிரெய்லில் வழி வாசித்துச் சொல்ல, மற்றவர் ஓட்டும் டி.எஸ்.டி. ராலிகள் நம் நாட்டில் பல ஊர்களில் நடக்கின்றன. சொல்லுக்கு எவ்வளவு மதிப்பு என்பதை அங்கே பார்க்கலாம். மாமன் மச்சானைக் கூட்டிப் போனால் மரியாதை பார்த்துக்கொண்டு தப்பைச் சொல்லமாட்டார். "நிறுத்துங்க, தப்பு" என்று முகத்துக்கு நேராகச் சொல்கிறவர் வேண்டும். ஓடும் காரில் படித்தால் குமட்டுகிறவர் வேண்டாம். எலுமிச்சம்பழத்தை மோந்து சமாளிக்கிற காரியம் இல்லை இது.

வழிப்புத்தகத்தில் ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு சின்னப் படம் இருக்கும். நெதர்லாந்தில் 1949இல் தொடங்கிய டூலிப் ராலியின் பெயரால் அதையும் டூலிப் என்பார்கள். அடியில் உள்ள உருண்டை நீங்கள், அம்புமுனை நீங்கள் போகும் திசை. எந்தப் படத்திலும் நீங்கள் கீழிருந்து மேலே வருவதாகத்தான் வரைந்திருக்கும். அதனால் தாளைத் திருப்பவே கூடாது. திருப்பியவர்கள் வழிதவறியதை எண்ணி மாளாது. முதுகுளத்தூர், கடலாடிப் பக்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மெதுவாகப் போய், ஊருணி, கண்மாய்க்கரை, அய்யனார் கோவில் என்று முப்பது திருப்பங்களை நீங்களே வரையுங்கள். வரைந்த கைக்கு வாசிக்க வந்துவிடும். பறவைகள் வந்து தங்கும் கண்மாய்ப் பக்கம் மட்டும் காரை விடாதீர்கள்.

மீட்டர்: எல்லாரும் விழும் இடம்

உங்கள் காரின் மீட்டர் பொய் சொல்லும். எல்லாக் காரின் மீட்டரும் சொல்லும். அது கெடுதல் இல்லை, எவ்வளவு பொய் என்று தெரியாமல் போவதுதான் கெடுதல். டயர் தேயத் தேயச் சுற்றளவு குறைகிறது. அதே தூரத்துக்குச் சக்கரம் கூடுதலாகச் சுற்றுகிறது. மீட்டர் கூடுதலாகக் காட்டுகிறது. மாருதி 800இன் சின்னச் சக்கரத்தில் ரப்பர் 4 மில்லிமீட்டர் தேய்ந்தாலே 100 கிலோமீட்டருக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் பிசகும். ஆகவே அளந்த பிறகு டயரை மாற்றாதீர்கள், காற்றழுத்தத்தையும் மாற்றாதீர்கள்.

வீட்டுப் பயிற்சிக்குப் பட்டணம்காத்தான் தாண்டி, வாலாந்தரவை வழியாக உச்சிப்புளி போகும் நெடுஞ்சாலை நல்லது. நேராக இருக்கிறது, கிலோமீட்டர் கற்களும் உண்டு. சாலை விரித்தபோது இடம் மாறிய கல்லும் இருக்கலாம் என்பதால் செல்போன் ஜி.பி.எஸ்ஸையும் பக்கத்தில் வையுங்கள். அதிகாலையில் போங்கள். பாம்பன் பாலத்தில் இந்த வேலை வேண்டாம். சுற்றுலா வந்தவர்கள் எங்கே நிற்பார்கள் என்று சொல்ல முடியாது.

போட்டி நாளில் நடத்துபவரே தொடக்கத்தில் அளவை ஓட்டம் ஒன்று வைப்பார். அவர் அளந்த தூரம் 9.6 கிலோமீட்டர், உங்கள் மீட்டர் காட்டுவது 10.0 என்று வைத்துக்கொள்வோம். 9.6ஐ 10ஆல் வகுத்தால் 0.96. அன்று முழுக்க உங்கள் மந்திரம் இந்த எண்தான். உள்ளங்கையில் எழுதிக்கொள்ளுங்கள்.

இனி வேகத்தை மறந்துவிடுங்கள். கிலோமீட்டருக்கு எத்தனை விநாடி என்று மட்டும் பாருங்கள். 3600ஐ வேகத்தால் வகுத்தால் அது கிடைக்கும்: 30க்கு 120 விநாடி, 36க்கு 100, 40க்கு 90, 45க்கு 80. இதை 0.96ஆல் பெருக்கினால் உங்கள் மீட்டரின் ஒரு கிலோமீட்டருக்கு உரிய விநாடி வரும். 36க்கு 96, 30க்கு 115.2. இந்த அட்டவணையை முதல் நாள் ராத்திரியே 0.95, 0.96, 0.97 என்று ஏழெட்டு எண்களுக்குப் போட்டு அட்டையில் ஒட்டிக்கொண்டு போங்கள். ஓடும் காரில் பெருக்குகிறவர் தோற்பார்.

இந்தத் திருத்தம் செய்யாதவருக்கு என்ன ஆகிறது? வேகம் 36. அவர் மீட்டர் 5.0 காட்டும்போது கடிகாரத்தில் 500 விநாடி இருக்க வேண்டும் என்று நினைத்து நிதானிக்கிறார். உண்மையில் அவர் வந்திருப்பது 4.8 கிலோமீட்டர்தான், ஆகியிருக்க வேண்டியது 480 விநாடி. 5 கிலோமீட்டருக்குள் 20 விநாடி போச்சு. 150 கிலோமீட்டர் ராலியில் எத்தனை சாவடி என்று எண்ணிப் பாருங்கள்.

அடுத்த குழி, நடுவில் வேகம் மாறும் இடம். 4.8ஆவது கிலோமீட்டரில் 36 போய் 30 வருகிறது என்று புத்தகம் சொல்கிறது. உங்கள் மீட்டரில் அது 5.0இல் வரும், சரியாக 8 நிமிடத்தில். அங்கே ட்ரிப் மீட்டரைச் சுழியாக்க ஆசை வரும். ஆக்காதீர்கள். சுழியாக்கினால் வழிப்புத்தகத்தின் மற்ற எல்லாத் தூரமும் உங்களுக்குப் பொய்யாகிவிடும். 8 நிமிடத்தை அப்படியே வைத்துக்கொண்டு, அதற்கு மேல் ஓடும் தூரத்தை மட்டும் 115.2ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். மீட்டர் 8.0 காட்டும்போது கூடுதல் தூரம் 3 கிலோமீட்டர், 346 விநாடி. மொத்தம் 13 நிமிடம் 46 விநாடி. புதியவர்கள் மொத்த 8 கிலோமீட்டரையும் புது வேகத்தால் பெருக்கிவிட்டு, மீட்டரைக் குறை சொல்வார்கள்.

கடிகாரம் நடத்துபவருடையது. உங்களுடையதை விநாடி பிசகாமல் அதோடு பொருத்துங்கள். அன்று உங்கள் செல்போன் காட்டும் நேரம் செல்லாது.

வழி தவறினால்

தவறும். அடையாளம் பொருந்தவில்லை என்றதும் நிறுத்துங்கள். "கொஞ்ச தூரம் போய்ப் பார்ப்போம்" என்ற பேச்சே கூடாது. கடைசியாகச் சரியாக இருந்த அடையாளத்துக்குத் திரும்புங்கள். 400 மீட்டர் தாண்டிப் போய்த் திரும்பியிருந்தால் மீட்டரில் 0.8 கூடியிருக்கும். அட்டையின் தலையில் "0.8 கழி" என்று பெரிதாக எழுதி, இனி ஒவ்வொரு முறையும் கழியுங்கள். இழந்த நேரத்தை மொத்தமாக அள்ளப் பார்க்காதீர்கள். 36இல் போக வேண்டிய சாலையில் 45இல் போனால் ஒரு கிலோமீட்டருக்கு 20 விநாடி மிச்சமாகும். ஒரு நிமிடத்தை 3 கிலோமீட்டரில் பிடித்துவிடலாம். ஊருக்குள் பிடிக்காதீர்கள். பள்ளிக்கூடமும் ஆட்டு மந்தையும் உள்ள சாலை அது, பந்தயத் தடம் இல்லை.

போட்டிக்குப் பிறகு

வீடு வந்ததும் காரின் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். தனுஷ்கோடி மணலில் பயிற்சி எடுத்திருந்தால் இரண்டு முறை. பிறகு ஒரு நோட்டில் தேதி, டயர், காற்றழுத்தம், அன்றைய மீட்டர் எண் நான்கையும் எழுதி டேஷ்போர்டில் வையுங்கள். அடுத்த முறை அளவை ஓட்டத்தில் 0.96க்குப் பதில் 0.91 வந்தால், தப்பு மீட்டரிலா, கணக்கிலா, தேய்ந்த டயரிலா என்பதை அந்த நோட்டு சொல்லும். கீழக்கரை அண்ணன் தம்பியிடம் எப்படி ஜெயித்தீர்கள் என்று கேட்டபோது, அவர்கள் எனக்கு எடுத்துக் காட்டியதும் அப்படி ஒரு நோட்டைத்தான். ஆறு வருடத்துக் கணக்கு அதில் இருந்தது.